டெல்மரின் வண்டி வளர்ந்த வாரம்

"அம்பத்தெட்டு," என்றார் டெல்மர்.

"திரும்ப அளந்து பாரு," என்றார் அவர் மனைவி லவோன், சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து.

"மூணு தடவை அளந்தாச்சு."

"மூணு தடவையும் தப்பா அளந்திருப்பே."

டெல்மர் மறுபடியும் மண்டியிட்டார். டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, புது பிக்கப் வண்டியின் பின்பக்கத் திறந்த பாடியின் சுவர் விளிம்பு வரை இழுத்தார். ஐம்பத்தெட்டு அங்குலம். கடையில் இந்தச் சாம்பல் நிற வண்டியைத் தேர்ந்தெடுத்த அன்று, இதே டேப்பால் இதேபோல் மண்டியிட்டு அளந்தபோது ஐம்பத்து நான்கு. விற்பனைக்காரருக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னார். ட்ரெய்லர் கொக்கியைப் பாடிக்குள் பொருத்தித் தருகிறோம் என்று கடைக்காரர்கள் ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் வண்டி நாலு அங்குலம் வளர்ந்திருந்தது.

நாலு அங்குலம் சின்ன விஷயம் இல்லை. டெல்மர் வாங்கி வைத்திருந்த ட்ரெய்லர், படுத்துறங்க வசதியுள்ள சக்கர வீடு; பின்னால் கயிறு கட்டி இழுக்கிற ரகம் அல்ல. அதன் மூக்கு பிக்கப்பின் பாடிக்கு மேலேயே ஏறி வந்து, நடுவிலிருக்கும் கொக்கியில் பூட்டிக்கொள்ளும். மூக்கின் வயிறு தரையிலிருந்து அறுபது அங்குலம். பாடிச் சுவர் ஐம்பத்து நான்கு என்றால் நடுவில் ஒரு கையகலம் இடைவெளி; நிம்மதியாகப் போகலாம். ஐம்பத்தெட்டு என்றால் இரண்டு விரல் நுழையும். முதல் மேட்டில் ஏறி இறங்கும்போதே ட்ரெய்லர் பிக்கப்பைக் கடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். வயோமிங் மலையடிவாரத்தில் ஒரு முகாமில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். வசந்த காலத்தில் லவோனுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தவர், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளாவது கண் முழிக்கிறப்போ ஜன்னல்ல மலை தெரியணும், டெல்மர்," என்றார். அவர்கள் இருந்த நெப்ராஸ்காவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மக்காச்சோளம்தான் தெரியும். அதற்காக வாங்கிய ட்ரெய்லர் அது.

லவோனின் தம்பி கேலன் காபிக் கோப்பையோடு வந்து சேர்ந்தான். தானியக் கிடங்கில் வேலை. அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது, அவனைப் பொறுத்தவரை.

"மச்சான், வண்டி வளரல. நீ குள்ளமாயிட்டே. வயசானா அப்படித்தான்."

"நான் குள்ளமானா டேப் எதுக்குடா மாறணும்?"

"டேப்பைப் பிடிக்கிறது நீதானே?"

டெல்மர் டேப்பைச் சுருட்டினார்.

"அவன் சொல்றதுலயும் ஏதோ இருக்கு," என்றார் லவோன். "நேத்து வண்டியில ஏறுறப்போ எப்படி முனகினே! கடையில துள்ளி ஏறினியே."

அது உண்மைதான். முழங்கால்தான் தேய்ந்துவிட்டது என்று டெல்மர் நினைத்திருந்தார்.

உள்ளே போய்க் கடைக்கு போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"என் வண்டி உயரமாயிருக்கு," என்றார்.

"சந்தோஷம் சார்."

"இல்லம்மா. நான் வாங்கினப்போ இருந்ததைவிட உயரமாயிருக்கு."

"வளர்ந்திருக்குன்னா சொல்றீங்க?"

"நாலு அங்குலம்."

போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. பொத்திய கைக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "சார், கழுவுறப்போ தண்ணி அதிகமா ஊத்திட்டீங்களோ?"

டெல்மர் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்த எண் பக்கமே போகவில்லை.

சிரிப்புகூடப் பரவாயில்லை. அவருக்கு உள்ளே வேறொரு பயம் இருந்தது. அவருடைய அண்ணன் லெராய்க்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவியை வைத்த இடம் மறந்தது, பிறகு வீட்டுக்குப் போகிற வழி, கடைசியில் மனைவியையே யாரென்று கேட்டார். டெல்மர் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே பரீட்சை செய்துகொண்டார். லவோன் பிறந்த தேதி, சரி. பக்கத்து வீட்டு நாயின் பெயர், சரி. கடையில் அளந்த உயரம்? ஐம்பத்து நான்கு. வாய் நுரையோடு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே போய் அளந்தார். ஐம்பத்தெட்டு.

"சரி, காரணத்தை விடு," என்றான் கேலன். "கொக்கியை ரெண்டு துளை மேல ஏத்திப் பூட்டு. ட்ரெய்லர் மூக்கு தானா உசந்துடும். இடைவெளி வந்துடும்."

ஏற்றினார்கள். இடைவெளி வந்தது. ஆனால் ட்ரெய்லர், மரக்கிளையை எட்டும் ஆடு போல மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று டெல்மர் கிளம்பினார். அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த லவோன் உள்ளே இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தெருமுனையில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது, குளிர்பெட்டி வாய் பிளந்து கிடந்தது. ட்ரெய்லரின் பின்கோடியில், உருண்டு வந்த பீச் பழ ஜாடிகளுக்கு நடுவே லவோன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வயித்துல தையல் பிரிஞ்சுதா?" டெல்மர் ஜாடிகளைத் தாண்டி ஓடினார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு. பொறுமைதான் பிரிஞ்சுடுச்சு," என்றார் லவோன். கூந்தலிலிருந்து ஒரு பீச் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கொக்கி பழையபடி இறங்கியது.

"அப்போ பிக்கப்பை இறக்கணும்," என்றான் கேலன், அடுத்த நாள். "பாடியில பாரம் ஏத்து. வண்டி தானா தாழும். கிடங்குல மக்காச்சோளம் கிடக்கு, மூட்டை கொண்டு வர்றேன்."

"ட்ரெய்லர் மூக்கே அங்கதானேடா உக்காரணும்? மூட்டையை எங்க வைப்பே?"

"சுத்தி வைப்போம் மச்சான். பிள்ளைக்குத் தலகாணி வைக்கிற மாதிரி."

வைத்தார்கள். வண்டி ஒரே ஒரு அங்குலம் இறங்கியது. பின்பக்கம் தாழ்ந்ததில், மங்கல் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த முன்விளக்குகள் மேலே பார்த்தன; எதிர்வீட்டு மாடியில் இருந்தவர் ஜன்னலைத் திறந்து, "டெல்மர், என் படுக்கையறையில என்ன தேடுறே?" என்று கத்தினார். அதற்குள் ஒரு மூட்டையின் தையல் விட்டுவிட்டது. அந்தப் பக்கத்துக் கருங்குருவிகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியாது. டெல்மர் டேப்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாம்பல் நிற வண்டி கறுப்பு நிறமாக அசைந்துகொண்டிருந்தது. குருவிகள் போன பிறகு பார்த்தால் வெள்ளையாக இருந்தது.

வண்டியைக் கழுவிக்கொண்டே டெல்மர் கேட்டார்: "இப்போ?"

"மலை உன்கிட்ட வரலைன்னா ட்ரெய்லரை மலைகிட்ட தூக்கு," என்றான் கேலன்.

"என்னடா உளர்றே?"

"பிக்கப் இறங்கல. அப்போ ட்ரெய்லரை ஏத்திட வேண்டியதுதான். நம்ம ரூடி இருக்கான்ல, வெல்டிங் ரூடி. ட்ரெய்லரோட சக்கர அச்சு இப்போ கமான் பட்டைக்கு, அதான் அடி ஸ்பிரிங்குக்கு, மேல இருக்கு. அதைப் பட்டைக்குக் கீழ மாத்திட்டா மொத்த ட்ரெய்லரும் உசந்துடும். பின்பக்கம் முன்பக்கம் எல்லாம் சமமா."

கேலன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான யோசனை அது. அதனாலேயே டெல்மருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை.

ரூடியின் கொட்டகைக்குள் ட்ரெய்லர் போனது. புதன்கிழமை மாலை ரூடி ஜாக்கியை இறக்கிவிட்டு, தரையில் ரசமட்டத்தை வைத்தான். பிறகு ட்ரெய்லருக்குள் வைத்தான். நீர்க்குமிழி நட்ட நடுவில் வந்து நின்றது. கொக்கியை மறுபடி இரண்டு துளை மேலே ஏற்றி, பிக்கப்பைப் பின்னோக்கிக் கொண்டுவந்து பூட்டினார்கள். டெல்மர் இடைவெளிக்குள் கையை நுழைத்தார். முழுக் கையும் போனது. வெளியே எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ஆறு அங்குலம்," என்றார்.

பிறகு வண்டியில் ஏறி, ட்ரெய்லரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தார்.

உள்ளே போனபோது இருந்த உயரம் வேறு, வெளியே வரும்போது இருந்த உயரம் வேறு என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூரைமேல் இருந்த ஏசி, கொட்டகையின் உத்தரத்தில் முட்டி, ஒரு முறை யோசித்து, பிடுங்கிக்கொண்டு ரூடியின் காலடியில் வந்து விழுந்தது.

ரூடி அண்ணாந்து கூரை ஓட்டையைப் பார்த்தான்.

"மலையில குளிராத்தானே இருக்கும்?" என்றான் ரூடி.

கூரை ஓட்டையைத் தகரத்தாலும் தாராலும் அடைத்து, ட்ரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவந்தார் டெல்மர். லவோன் கையில் தலையணையோடு வந்து, கதவைத் திறந்து, முதல் படியைப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கருகே இருந்தது. காலைத் தூக்கினார். வயிற்றுத் தழும்பு இழுத்தது. காலைக் கீழே வைத்தார். தலையணையோடு வீட்டுக்குள் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை முழுக்க டெல்மர் மரம் அறுத்தார். அகலமான, தணிந்த படிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி. மணல்தாள் போட்டுத் தேய்த்து, தானே ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு லவோனைக் கூப்பிட்டார். லவோன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உள்ளே போய், மூக்குப் பகுதியில் இருந்த படுக்கையில் சாய்ந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே மக்காச்சோளம்.

"ஜன்னல் நல்ல உசரத்துல இருக்கு," என்றார். "மலை உச்சி வரைக்கும் தெரியும்."

டெல்மர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "லவோன், கடையில அம்பத்தி நாலுன்னு எனக்குத் தெளிவா ஞாபகம் இருக்கு."

"தெரியும்."

"லெராய்க்கும் இப்படித்தான் எல்லாம் தெளிவா ஞாபகம் இருந்துச்சு. அதான்..."

"அதுவும் தெரியும்." லவோன் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் எதுக்கு உன்னைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னேன்னு நினைக்கிறே? ஒரு தடவையாவது அம்பத்தி நாலு வந்துடாதான்னுதான்."

டெல்மர் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டார்.

"உனக்கு மறந்தா என்ன இப்போ? எனக்கு ஞாபகம் இருக்கும். என்னால ஏற முடியலைன்னா நீ படி கட்டினேல்ல? அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. ட்ரெய்லர் பூட்டியாகிவிட்டது. பீச் ஜாடிகளைத் துணியில் சுற்றி வைத்தாகிவிட்டது. மரப்படிகள் பாடிக்குள் ஏறிவிட்டன. வழியனுப்ப வந்த கேலன், எல்லாம் தன் யோசனை என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். டெல்மர் சாவியைத் திருப்பப் போகும் நேரம், வீட்டு வாசலில் இன்னொரு பிக்கப் வந்து நின்றது. அதுவும் சாம்பல் நிறம். அதிலிருந்து, சட்டையில் கடைப் பெயர் தைத்திருந்த ஓர் இளம்பெண் இறங்கினாள். முகம் முழுக்க மன்னிப்பு.

"சார், நல்லவேளை, கிளம்பறதுக்குள்ள பிடிச்சுட்டேன். உயரம் பத்தி போன் பண்ணினது நீங்கதானே?"

"அதை விடும்மா," என்றார் டெல்மர், சந்தோஷமாக இறங்கி வந்து. இன்று யார் மேலும் அவருக்குக் கோபம் இல்லை. "தப்பு என்னோடதுதான். சரி பண்ணிட்டேன். இங்க வந்து பாரு." அவளைப் பின்பக்கம் அழைத்துப் போய், இடைவெளிக்குள் கையை நுழைத்துக் காட்டினார். "ஆறு அங்குலம்! ட்ரெய்லரையே தூக்கிட்டோம். அச்சைப் பிரிச்சு, கீழ வச்சு, வெல்டு அடிச்சு. இனிமே இந்த வண்டியையும் ட்ரெய்லரையும் யாராலயும் பிரிக்க முடியாது."

அவள் இடைவெளியைப் பார்த்தாள். புது வெல்டிங்கைப் பார்த்தாள். கூரையிலிருந்த தகரத்தைப் பார்த்தாள். கையில் வைத்திருந்த சாவியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சார், அதே வாரம் கொக்கி மாட்ட வந்த இன்னொருத்தர் வண்டியை உங்ககிட்டயும், உங்க வண்டியை அவர்கிட்டயும் மாத்திக் கொடுத்துட்டோம், அந்த மனுஷன் வேற, தன் வண்டி குட்டையாயிடுச்சுன்னு நினைச்சு, நேத்துதான் அவரு ட்ரெய்லரை நாலு அங்குலம் அறுத்து இறக்கி முடிச்சிருக்காரு."