ஹாரன் அண்ணன் போட்ட மஞ்சள் கோடு

ஒரகடம் ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்குக் கணக்கில்லை. கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ. ஆனால் மூலை திரும்பும்போது ஒரு தடவைகூடத் தவறாமல் ஹாரன் அடித்த ஆள் இந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவரிடம் வண்டி கிடையாது. வாயால் அடிப்பார்.

"பாம்... பாம்."

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஆதார் கார்டில் போட்டிருக்கும். பென்னலூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஹாரன் அண்ணன்.

லைன் வீடு என்றால் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி ஒற்றை அறைகள். எங்களுடையது 'ட' மாதிரி வளைந்திருக்கும். ஒரு கோடியில் குழாய். நடுவில் எங்கள் அறை. மூலை திரும்பினால் அவர் அறை. அவர் மனைவியும் மகளும் ஆரணிப் பக்கம் ஊரில். இவர் இங்கே தனியாக.

நானும் வேலை செய்கிற கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முன்னால் இரண்டு இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டு சரக்கைத் தூக்கிப் போகுமே, அந்த வண்டி. அதற்குச் சட்டம் உண்டு. மூலையில் ஹாரன் அடிக்க வேண்டும். தூக்கிய சரக்கு கண்ணை மறைத்தால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். நடக்கிறவர்கள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.

மற்றவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் இதையெல்லாம் கேட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

கேஸ் சிலிண்டர் வாங்கினால் அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவார். வாய் "டுய்ங் டுய்ங்" என்று ரிவர்ஸ் சத்தம் போடும். நாய்கள் ஒதுங்கும். தெரு நாய் ஒதுங்குகிற அளவுக்கு மனிதர்கள் ஒதுங்குவதில்லை என்று அவருக்கு வருத்தம்.

ஒரு கல்யாணத்தில் சப்ளை பண்ணுகிறவன் தட்டுகளை மூக்கு வரைக்கும் அடுக்கித் தூக்கி வந்தான். இவர் பந்தியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"யோவ், லோடு கண்ண மறைக்கிது. ரிவர்ஸ்ல போய்யா!"

அவன் பயந்து ரிவர்ஸில் போனான். இவர் கையைக் காட்டி, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்றார். அவன் போய்ப் பெண்ணின் அப்பா மடியில் உட்கார்ந்தான். அதன் பிறகு எங்கள் லைன் வீட்டுக்குப் பத்திரிகை வருவது குறைந்தது.

இப்படிப்பட்டவர் எங்கள் பிள்ளை விஷயத்தில் நுழைந்தார்.

என் மகன் மகிழன். ஒரு வயது தாண்டியும் நடக்கவில்லை. நிற்பான், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவான். எங்கேயாவது போக வேண்டுமென்றால் உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்துத் தேய்த்துப் போவான். எல்லா டிராயரும் பின்பக்கம் கிழிந்தது.

மூன்றாவது அறை கலா அக்காவின் பிள்ளை பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டது. எங்கள் பக்கம் பிள்ளை நடந்தால் கொழுக்கட்டை செய்து நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். கலா அக்கா கொடுத்தாயிற்று. எங்களுடையது பாக்கி. குழாயடியில் தினமும் கேள்வி.

"இன்னாடி செல்வி, கொழுக்கட்ட எப்போ?"

கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தினமும் கேட்டால் யாருக்கும் வலிக்கும். என் மனைவி குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகு தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். பிறகு பிள்ளையை வெளியே விடுவதில்லை. பிறகு கதவையே சாத்திவிட்டாள்.

டாக்டரிடம் காட்டினோம். ஆரம்ப சுகாதார நிலையத்து அம்மா நல்ல பொறுமை. காலை மடக்கிப் பார்த்தார். நிற்க வைத்தார். முதுகைத் தடவினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவன் திரும்பி அவர் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கினான்.

"நல்லா இருக்கான்மா. இப்டி தேய்ச்சிக்கிட்டுப் போற பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாதான் நடக்கும். ஒன்றரை வயசு வரைக்கும் பாப்போம். அப்பவும் நடக்கலன்னா தள்ளிப் போடாம கூட்டிட்டு வாங்க."

எனக்கு அது போதும். செல்விக்குப் போதவில்லை. டாக்டரை ஒரு நாள் பார்க்கிறாள். குழாயடியைத் தினமும் பார்க்கிறாளே.

அந்தச் சமயம் என் தங்கை வாலாஜாபாத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சுவதாகச் சொன்னாள். செல்வி வர மாட்டேன் என்றாள்.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. இவன இடுப்புல வெச்சிக்கினு அங்க ஒவ்வொருத்தருக்கா என்னால பதில் சொல்ல முடியாது."

எனக்குப் பேச வராது. சரி என்றேன். அது தப்பான பதில் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தங்கை வீட்டுக்கே வராதவள் இனி எங்கேதான் வருவாள் என்று பயம் வந்தது. வெளியே வந்து நின்றேன். "பாம் பாம்" என்று மூலை திரும்பி வந்தார் ஹாரன் அண்ணன்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டி கீது? பிரேக் டவுனா?"

சொன்னேன். நான் முழுதாக நாலு வாக்கியம் பேசியதே அவருக்கு அதிர்ச்சி.

மறுநாள் கையில் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு வந்தார். தன் வாசலில் ஆரம்பித்து, மூலை திரும்பி, எங்கள் வாசலைத் தாண்டி, குழாய் வரைக்கும் தரையில் ஒரு கோடு இழுத்தார். வீட்டுக்காரர் கத்தினார்.

"யாரக் கேட்டு போட்ட?"

"நடக்கறவங்களுக்குப் பாதை சார். புள்ள ரெடி ஆவறதுக்கு முன்னாடி ரோடு ரெடி ஆவணும்ல?"

பெயின்ட் காய்ந்தது. மகிழன் தேய்த்துக்கொண்டே போய் அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்தான். ஹாரன் அண்ணன் எதிரே நின்று, "வா, வா, வா" என்று கை காட்டினார். அவன் தேய்த்தபடியே வந்தான். ரிவர்ஸில்.

கலா அக்கா சிரித்தாள். "ஏண்ணே, எம்புள்ள பத்து மாசத்துல ஓடுனான். இவன் இன்னும் கார் தொடைக்கிற மாதிரி தொடைச்சிக்கினு கீறான்."

"ஓடி இன்னாத்த சாதிச்சான்? என் செருப்ப எடுத்துக்கினு போய் கால்வாயில போட்டான். இவனாவது தரைய க்ளீன் பண்றான்."

அடுத்துக் கம்பெனி பஸ்ஸில் விசாரணையை ஆரம்பித்தார். பஸ்ஸில் ஏறுகிற ஒருவரையும் விடவில்லை. "நீ எத்தினி மாசத்துல நடந்த?" யாருக்குத் தெரியும்? "அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு" என்றார். எல்லாரும் போட்டார்கள். எல்லா அம்மாவும் பதறினார்கள். கம்பெனியில் என் அசெம்பிளி லைனில் வேலை செய்கிற திருநெல்வேலித் தம்பியின் அம்மா போனில் போட்ட சத்தம் பின்சீட் வரைக்கும் கேட்டது.

"ஏலே, காலுக்கு என்னல ஆச்சு? மறைக்காம சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் மூன்று பேரை வரிசையாக நிறுத்தினார். கதவைத் தட்டினார்.

"செல்விம்மா, வெளிய வா. மெட்டீரியல் வந்துருக்கு. செக் பண்ணிக்கோ."

செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முதல் ஆள் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி.

"இவரு ஒன்றர வயசு ஆகியும் எழுந்தே நிக்கலியாம். இப்போ பன்னெண்டு மணி நேரம் உக்காராம நிக்கிறாரு. நாற்காலி போட்டாலும் உக்கார மாட்டேன்றாரு."

"நாற்காலி எங்கண்ணே போட்றாங்க?" என்றார் செக்யூரிட்டி.

அடுத்தது திருநெல்வேலித் தம்பி. அவன் அம்மாவையே போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அவனாம்மா? ஒன்றரை வயசு வரைக்கும் இருந்த எடத்த விட்டு அசையலல்லா. டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாவ. பொறவு ஒருநா எந்திச்சு நேரா அடுப்பங்கரைக்கு வந்துட்டான். இப்பவும் நல்லாத்தான் நடக்கான். ஊருக்கு வாலேன்னா மட்டும் காலு வரமாட்டேங்கு!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது ஆளைப் பார்த்ததும் நான் தானாக நிமிர்ந்து நின்றேன். எங்கள் சூப்பர்வைசர். சட்டையை டக்-இன் செய்து வந்திருந்தார்.

"சாரும் லேட்டுதான்மா. அதான் இப்போ லைன்ல ஒருத்தனையும் உக்கார வுட மாட்டேன்றாரு."

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "ஆமாம்மா. எங்கம்மா அழுதுட்டே இருப்பாங்களாம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஹாரன் அண்ணன் கை காட்ட, மூவரும் மஞ்சள் கோட்டின் மேல் மூலை திரும்பி அவர் அறை வரைக்கும் நடந்து காட்டித் திரும்பி வந்தார்கள். செக்யூரிட்டிக்கு மார்ச் பாஸ்ட் பழக்கம், கையை வீசி நடந்தார். மூலையில் ஹாரன் அடிக்காததற்குச் சூப்பர்வைசருக்குத் திட்டு விழுந்தது. சூப்பர்வைசர் திரும்பிப் போய் "பாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

செல்வி சிரித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகிழனும் சிரித்தான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

அன்று இரவு சோறு போடும்போது சொன்னாள், "வாலாஜாபாத்துக்கு மூணு பேருமே போலாங்க."

போனோம். பிள்ளை அங்கேயும் உட்கார்ந்துதான் தேய்த்தான். புது டைல்ஸில் நன்றாக வழுக்கியது, அவனுக்குக் கொண்டாட்டம். என் பெரியம்மா, "ஏன் செல்வி, இன்னும் நடக்கலியா?" என்று இழுத்தார்.

"டாக்டராண்ட காட்டிட்டோம் அத்தை, நல்லா கீறான். எங்க ஊட்டுக்காரரோட சூப்பர்வைசரே லேட்டாதான் நடந்தாராம்" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு இன்னொரு கேசரி வாங்கிக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் ஒன்று இப்படி உட்கார்ந்திருக்கலாம். ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வரச் சொன்ன நாளில் மறுபடி போங்கள். மற்றபடி பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள். என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நடப்பதே இல்லை. எங்கே போனாலும் ஓட்டம்தான்.

அவன் நடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஹாரன் அண்ணன் தினமும் வேலைக்குப் போகும்போது செல்வியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போவார். "அவன் நடந்தா எனக்கு ஒரு போன் போடு. நான் வர்ற வரைக்கும் உக்கார வெச்சிரு." அதெப்படி உட்கார வைப்பது என்று அவள் கேட்பாள். "எதுனா தின்னக் குடு" என்பார்.

ஒருநாள் காலை அவர் மெத்தையை வெயிலில் போடக் கிளம்பினார். மெத்தையை நிமிர்த்தி அணைத்தால் ஆள் தெரியாது. கண் மறைகிறது. ஆகவே ரிவர்ஸ். "டுய்ங் டுய்ங்" என்று பின்பக்கமாக நடந்து மூலை திரும்பி, "பாம்" அடித்து, எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். மகிழன் வாசலில் உட்கார்ந்திருந்தான். மெத்தை தானாக நகர்ந்து போவதைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கமிருந்து தெரிந்த குரல் வருகிறது. ஆளைக் காணோம்.

நிலையைப் பிடித்து எழுந்தான். கையை விட்டான். மெத்தைக்குப் பின்னாலேயே நடந்தான்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடியில் கலா அக்காதான் முதலில் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கினாள். குடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் குழாயை மூடவில்லை. மஞ்சள் கோட்டின் மேல் ஒரு மெத்தை, அதன் பின்னால் ஆடி ஆடி என் மகன்.

ஹாரன் அண்ணன் குழாயடிக்குப் பக்கத்தில் இருந்த கல்மேடை மேல் மெத்தையைச் சாய்த்துப் போட்டார். மகிழன் இன்னும் ஓர் எட்டு வைத்து அதன் மேல் தொப்பென்று விழுந்தான்.

"எவன்டா இவன இங்க வெச்சது? லோடு வர்ற எடத்துல புள்ளய வுட்டுட்டு எல்லாம் வேடிக்க பாக்குறீங்களா? சேஃப்டி வாணா?"

"அண்ணே, அவன் நடந்து வந்தாண்ணே" என்றாள் செல்வி. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"எங்க?"

"மெத்தைக்கு அந்தாண்ட."

அவர் மெத்தையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி வரச் சொல்லு" என்றார். பிள்ளை வரவில்லை. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் கொழுக்கட்டை. முதல் தட்டு கலா அக்காவுக்கு. இரண்டாவது தட்டை நானே அவர் அறைக்குக் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து மென்றார்.

"எம்பொண்ணு நடந்ததயும் நான் பாக்கல தம்பி. ஓ.டி.ல இருந்தேன். போன்லதான் சொன்னாங்க."

தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். இன்னொரு கொழுக்கட்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு மகிழன் அவர் இல்லாதபோதெல்லாம் நடந்தான். அவர் வந்தால் உட்கார்ந்துவிடுவான். "என்னக் கண்டா மட்டும் பிரேக் போட்றான்" என்று பஸ் முழுக்கப் புலம்பல்.

அப்புறம் ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடித்து விடிந்த பிறகு வந்தார். கையில் டிபன் பை. நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மகிழன் வாசலில் நின்றிருந்தான். இவரைப் பார்த்தான். கோட்டின் மேல் இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கை காட்டவில்லை. நேராக நடந்து வந்து அவர் முட்டியைக் கட்டிக்கொண்டான்.

ஹாரன் அண்ணன் அப்படியே நின்றார். பையைக் கீழே வைத்தார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தை எங்களுக்குக் காட்டாமல் தன் அறையைப் பார்த்து நடந்தார். பையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

மூலை வந்தது. திரும்பினார். சத்தம் வரவில்லை. அவரால் முடியவில்லை.

அவருக்குப் பதில் நான் அடித்தேன்.

"பாம்... பாம்."