கம்ப்யூட்டருக்கும் லீவு

மோடம் மூன்றாவது தடவையாகக் கிரீச்சிட்டு அடங்கியது. நாற்பது நாள் குழந்தை திடுக்கிட்டு அழுதது. விமலனுக்கும் அழுகை வந்தது.

"அந்தச் சனியன நிப்பாட்டுங்க லா! இப்பத்தான் தூங்க வெச்சேன்" என்றாள் மனைவி உஷாராணி.

"உனக்காகத்தானே இந்தப் பாடு!"

பொய்யில்லை. பாயா ரும்புட் ஊரிலிருந்த வீட்டில் பகலெல்லாம் அவளும் குழந்தையும்தான். விமலனோ அலோர் காஜாவில் மசாலாத் தூள் ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி. "வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலருந்தே வேலை பாக்குறேன் சார்" என்று மேனேஜர் மிக்கேல்ராஜிடம் கெஞ்சியிருந்தான். அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆயுதபூசை லீவன்று, பகல் பன்னிரண்டுக்குள், வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போன் லைன் வழியாக ஆபிஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அதிலிருக்கும் சரக்குப் பட்டியலைக் கோலாலம்பூர் முதலாளிக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் காட்டவேண்டும். முடியாவிட்டால் அந்தப் பேச்சையே மறந்துவிடவேண்டும்.

மணி பத்து. ஆபிஸ் கம்ப்யூட்டர் போனை எடுப்பதாக இல்லை. மோடத்தைக் கழற்றிவிட்டு, ஆபிஸில் காவலுக்கு இருந்த அப்புசாமியைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, என் கம்ப்யூட்டர்ல லைட்டு எரியுதா பாருங்க."

"எப்படி தம்பி எரியும்? நேத்து பூசை போட்டு, பட்டுத்துணி போத்தி சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குத்தான் தொடணும்."

"ஐயோ! வேலை போகுதுண்ணே. சுவிட்ச மட்டும் தட்டி விடுங்க."

"இன்னைக்குக் கை வெச்சா சரஸ்வதி சும்மா விடுவாளா?"

"கை வேணாம். குடைக்கம்பால தட்டுங்க!"

இதில் அப்புசாமிக்கு ஆட்சேபணை இல்லை. தட்டினார். விமலன் மறுபடி மோடத்தை மாட்டி டயல் செய்தான். ஆபிஸில் இருந்தது ஒரே லைன். கம்ப்யூட்டர் எடுப்பதற்குள் அப்புசாமி எடுத்துவிட்டார்.

"அலோ! யாரது? ஏன்யா இப்படி ஊளையிடுற?"

விமலன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டான். "அண்ணே, அது என் கம்ப்யூட்டர் போடுற சத்தம். இனிமே போன் அடிச்சா எடுக்கவே கூடாது. உங்க புள்ள மேல சத்தியம்!"

"சத்தியமா எடுக்க மாட்டேன்."

எடுக்கவில்லை. கம்ப்யூட்டரும் எடுக்கவில்லை. என்ன ஆயிற்றென்று கேட்க விமலன் பதினோரு தடவை கூப்பிட்டான். அப்புசாமி சொன்ன சொல் தவறாத மனுஷன்.

மணி பதினொன்று. இனி பொறுக்க முடியாது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான். அரை மணி நேரத்தில் அலோர் காஜா.

"ஏண்ணே, என்ன பண்ணீங்க?"

"நீங்க சத்தம் போடுற மிஷினுன்னு சொன்னீங்களா, பயமா இருந்துச்சு தம்பி. பிளக்க புடுங்கிட்டேன். குடைக்கம்பாலதான்!"

திட்ட நேரமில்லை. விமலன் சரஸ்வதி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, பட்டுத்துணியை உருவி, பிளக்கை மாட்டினான். என்டர் பொத்தானில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டித் தட்டினான். பன்னிரண்டடிக்க எட்டு நிமிஷம் இருக்கையில் ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது. அப்பாடா!

வீட்டிலிருந்து அனுப்பினானா, ஆபிஸிலிருந்து அனுப்பினானா என்று ஃபேக்ஸ் பேப்பரா சொல்லப்போகிறது? உதட்டில் விரல் வைத்து அப்புசாமியை அடக்கிவிட்டு, மேனேஜரின் ஹேண்ட்போனுக்கு அடித்தான்.

"சார், விமலன். லிஸ்ட்டு போயிருச்சு சார்!"

"வெரி குட். வீட்டுலருந்தேவா?"

"வீட்டுலருந்தேதான் சார். ஹாலுல உக்காந்து, பாப்பாவ மடியில போட்டுக்கிட்டே அனுப்பிட்டேன். ஒரு பிரச்சனையும் இல்ல. நல்லா தூங்குது சார்."

மிக்கேல்ராஜ் நிதானமாகச் சொன்னார்:

"புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்து, அதே ஹாலுலதான் உக்காந்திருக்கேன் விமலன். அப்போ என் மடியில மூத்திரம் பேஞ்சது யாரு புள்ள?"