சிவப்பு அட்டைக் கம்பெனி வில்

பெண் பார்க்க அரை மணி நேரமும், வில் வாங்கக் கம்பெனி பார்க்க இரண்டு வருஷமும் எடுத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஏற்காட்டில், கொட்டச்சேடு பக்கம், நான் குமாஸ்தாவாக இருந்த காப்பி எஸ்டேட்டின் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிறவர். எண்பதுகளின் கடைசியில் மலை முழுக்க அவருக்கு 'வில்லு ரைட்டர்' என்றுதான் பெயர்.

ஆரம்பித்து வைத்தவர் முதலாளியின் மைத்துனர். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தவர், ஒரு வேட்டைப் பத்திரிகையை பங்களாவில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு வில்லின் படம். நாடகத்தில் ராஜா பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த வகை இல்லை. இரண்டு முனையிலும் சக்கரம், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள். பெயர் காம்பவுண்ட் வில். ரைட்டர் சொக்கிப்போனார்.

"ஏனுங்க தம்பி, இழுக்க இழுக்க நொம்பக் கனமா இருக்குமாமுங்க. முக்காவாசி இழுத்ததும் சக்கரம் திரும்பி லேசாயிருமாமுங்க. அப்புறம் நிதானமா நின்னு குறி பாக்கலாமாமுங்க!"

அந்த நேரம் பார்த்தா வெள்ளையன் வர வேண்டும்? எஸ்டேட் வேலியை ஒட்டி ராகி போடுகிற மலைக்காரர். காட்டுப்பன்றிக் கூட்டம் அந்த வருஷம் அவர் வெள்ளாமையில் பாதியை நாசம் செய்துவிட்டிருந்தது. ரைட்டர் மார்பைத் தட்டிக்கொண்டார்.

"கவலையை உடுங்க வெள்ளையா. வில்லு வரட்டும். பன்னியை நான் பாத்துக்கறேன்."

பன்றியைக் கொன்றால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்களே என்றேன்.

"கொல்றதுக்கு இல்லீங்க தம்பி. அம்பு காதோரமாப் போனாப் போதும். மானமுள்ள பன்னி மறுபடி வராதுங்க."

விஷயத்தைக் கேள்விப்பட்ட மைத்துனர் மூன்று கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களை அனுப்பி வைத்தார். எது வேண்டுமென்று சொன்னால் அடுத்த முறை வரும்போது தன் அன்பளிப்பாகவே கொண்டு வருவதாகவும் சொல்லியனுப்பினார். அங்கேதான் தப்பு செய்தார். ஒரு புத்தகம் அனுப்பியிருக்க வேண்டும்.

பச்சை அட்டை, நீல அட்டை, சிவப்பு அட்டை. அதன் பிறகு எங்கள் ஆபீஸில் வேறு பேச்சே கிடையாது. பச்சை அட்டைக்காரன் வில் வேகம், ஆனால் இழுக்கக் கனம். நீல அட்டைக்காரன் வில் சத்தம் போடாது. சிவப்பு அட்டைக்காரன் வில் உறுதி. காலையில் பச்சைக்குச் சாய்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீலமாகிவிடுவார். ஊர் முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு எழுந்து, சுவரோரமாகக் கையை நீட்டி வில் இழுத்துக் காட்டினாராம். சேலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவில் டிரைவரிடமே யோசனை கேட்க, "ஊரு போய்ச் சேரட்டுமுங்க, சொல்றேன்" என்று அவர் கும்பிட்டிருக்கிறார்.

எவ்வளவு கனமான வில்லைத் தன்னால் இழுக்க முடியும் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் சில்வர் ஓக் மரத்தில் லாரி டியூபைக் கட்டி இழுத்தார். முக்கால்வாசி வந்ததும் லேசாகவில்லை. டியூப் அறுந்தது. ரைட்டரை காப்பிப் பழத் தோல் குவியலிலிருந்து வெளியே எடுத்தோம். எழுந்ததும் சொன்னார்: "பச்சை வேண்டாமுங்க. எனக்கு அது அதிகம்."

இதற்குள் அடுத்த வருஷ வெள்ளாமையும் போயிற்று. வெள்ளையன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ரைட்டருங்க, பன்னி எப்பவோ முடிவு பண்ணிருச்சு. நீங்கதான் இன்னும் பண்ணலீங்க."

அடுத்த வாரம் மைத்துனரிடமிருந்து ட்ரங்க் கால் வந்தது. ரிசீவரைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "சிவப்பு அட்டைங்க!" என்று கத்தினார். வைத்ததும் என்னைப் பார்த்தார். "நீலமாச் சொல்லியிருக்கலாமோங்க?"

வில் வந்தது. காப்பி காயப்போடும் களத்தில் எஸ்டேட்டே கூடி நிற்க, பெட்டியைப் பிரித்து வில்லை எடுத்தார். பிடித்தார். மாற்றிப் பிடித்தார். திருப்பினார். கைப்பிடி உள்ளங்கையில் உட்காரவில்லை. அம்பு வைக்கிற இடம் எதிர்ப்பக்கம் இருந்தது.

அது சோத்தாங்கைக்காரருக்கான வில். ரைட்டர் பீச்சாங்கைக்காரர்.

இரண்டு வருஷமாக சக்கரம், கயிறு, வேகம், சத்தம் எல்லாம் அலசியவர், எந்தக் கை என்பதை மட்டும் சொல்ல மறந்திருந்தார்.

"யாரும் கேக்கலீங்களே" என்றார் பரிதாபமாக.

"நீங்க சோத்தாங்கையில செய்யற வேல சோறு திங்கறது ஒண்ணுதானுங்க" என்றார் அவருடைய மனைவி.

யாராக இருந்தாலும் பெட்டியை மூடியிருப்பார்கள். ரைட்டர் மூடவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே. பழகாத கையால் ஒரு மாதம் பழகினார். ராகி கதிர் பிடித்த சமயம், பொழுது சாய, வெள்ளையன் காட்டில் போய் நின்றார். துணைக்கு நானும். வேலியோரம் பன்றிக் கூட்டம் தலைகாட்டியது. ரைட்டர் இழுத்தார், முகம் சிவந்தது, விட்டார்.

அம்பு பன்றி இருந்த திசைக்கே போகவில்லை. காவல் குடிசையின் கூரைத் தகரத்தில் போய் இடித்தது. டணாரென்று ஒரு சத்தம்! மலையே அதிர்ந்தது. பன்றிகள் ஒரு பக்கம் ஓட, குடிசைக்குள் இருந்த வெள்ளையன் இன்னொரு பக்கம் ஓடினார்.

ரைட்டர் வில்லைத் தடவிக் கொடுத்தார். "பாத்தீங்களா தம்பி? நீல அட்டையா இருந்தா இந்தச் சத்தம் வருமுங்களா?"

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டதும் அங்கேதான். தூறலிலும் பனியிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார், தகரத்தில் அடிப்பார், வெள்ளையன் வீட்டில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடிப்பார், போவார். பன்றிகள் திரும்பவில்லை.

வெள்ளையனின் மனைவிக்குத்தான் வாய் நிற்கவில்லை. "ஏனுங்க, தகரத்துல அடிக்கோணும்னா ஒரு கல்லு பத்தாதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். வெள்ளையன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா இரு புள்ள. அவரு காதுல உழுந்துரப் போவுது."

அந்த வருஷம் ராகி முழுசாக வீடு வந்து சேர்ந்தது. அறுவடை முடிந்து சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். வெறும் காட்டில், அம்பு பட்டு நெளிந்துபோன பழைய தகரத்தை இறக்கிவிட்டு, வெள்ளையன் புதுத் தகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளாமைதான் ஊடு சேந்துருச்சே, இன்னும் எதுக்குங்க காவல்?" என்றேன்.

"ரைட்டரு வருவாருங்களே" என்றார் அவர்.