கூடைக்கு வழி விட்ட கதை

பெரிய மனுஷர் ஒருவர் வருகிறார் என்றால் இடத்தைக் கழுவித் துடைக்காமல் நம் ஜனங்களால் சும்மா இருக்க முடியாது. ரத்தத்தில் ஊறிய வியாதி இது. எனக்கு அது சர்க்கார் செலவில் முற்றியது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருவதற்கு முன்னால் கழுத்து வலிக்கிறது.

யுத்தம் முடிந்த சமயம். நான் நில நிர்வாக ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. (தற்காலிகம் என்றால், எந்த நிமிஷமும் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிடக்கூடிய உத்தியோகம்.) புதிதாகக் கல்யாணமானவன். மாமனார் வீடும் மயிலாப்பூரிலேயே, கூப்பிடு தூரத்தில். ஜாக்கிரதையாக நடந்துகொள்ள வேண்டிய காலம்.

மயிலாப்பூருக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் ஒரு சர்க்கார் பூங்கா இருந்தது. குப்பத்துப் பெண்கள் மீன் கூடைகளோடு அதன் குறுக்கேதான் காலங்காலமாகப் போய்வந்தார்கள். நடந்து நடந்து புல் செத்து, வழி தலைவகிடு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த வருஷம் பூங்காவைச் சுற்றிக் கம்பி வேலி போடுவதென்று மேலிடத்தில் தீர்மானமாயிற்று. குப்பத்தார் மனுக் கொடுத்தார்கள். டெபுடி கலெக்டர் நேரில் பார்த்து, பாதை நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறது என்று திருப்திப்பட்டால், வேலியில் இடைவெளி விட்டு வழிநடைப் பாத்தியதை, அதாவது குறுக்கே நடந்துபோகும் உரிமை, கொடுக்கலாம். அவரை அழைத்துப்போய்க் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மனுவில் முதல் கைநாட்டு ரெஜினாம்மாவுடையது. மாதா கோயில் மணி அடிக்கும்போதே கூடையைத் தூக்கிவிடுகிற மீன்காரி.

"சுத்திக்கினு போனா வெயில் ஏறிடும் ஐயிரே. மீனு நொந்துபூடும். நொந்த மீனை எவன் வாங்குவான்? புள்ளைங்க பட்டினிதான். பெரிய ஐயாகிட்ட எங்க வழியைக் காட்டிவுடு, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள்.

"கவலையை விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன். பார்த்துக்கொண்டேன்.

முதல் நாளே தோட்டக்கார முனுசாமியைக் கூப்பிட்டு, டெபுடி கலெக்டர் வருகிறார், பூங்கா பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். சருகு வாரினான். செடி கத்தரித்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நடுவுல சொட்டையா கீதே சார், இன்னா பண்றது?" என்று கேட்டான்.

"அதையும் சரிபண்ணு," என்றேன். (சொன்ன வாயை இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

வேறு இடத்திலிருந்து புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துவந்து சொட்டை முழுவதும் ஒட்டித் தண்ணீர் ஊற்றினான். நான் பக்கத்தில் நின்று ரசித்தேன். அதோடு விட்டேனா? குப்பத்துக்குச் சொல்லியனுப்பினேன்: பெரிய அதிகாரி வருகிற இடம், மீன் வாடை கூடாது, காலையில் ஒருவரும் பூங்காவுக்குள் வரவேண்டாம்.

டெபுடி கலெக்டர் வந்தார். நம் ஊர்க்காரர்தான், ஆனால் தமிழை மிச்சம் பிடித்துப் பேசுகிறவர்.

"பாதை எங்கே?"

கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சைப்பசேலென்று புல்.

"இங்கேதான் சார் இருந்தது. நேற்றுத்தான் புல் வைத்தோம்."

"நடக்கிறவர்கள்?"

"வரவேண்டாமென்று நான்தான் சொன்னேன் சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து முனுசாமி பின்னாலிருந்து, "ஒட்டு தெரியாம வெச்சிக்கிறேன் எசமான்," என்று பல்லைக் காட்டினான்.

தெருவோரத்தில் கூடைகளோடு நின்ற பெண்கள் மத்தியிலிருந்து ரெஜினாம்மாவின் குரல் வந்தது. "ஐயிரே, எங்க வழி இன்னா ஆச்சு?" அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உடைந்திருந்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

"கண்ணால் கண்டதைத்தான் எழுதுவேன்," என்றார் அதிகாரி. "பொங்கலுக்கு முன் மறுபடி வருகிறேன். பாதை இருந்தால் காட்டும். இல்லாவிட்டால் வேலி. உம்முடைய உத்தியோகத்தைப் பற்றியும் அப்போதே பேசிக்கொள்ளலாம்."

புல்லைப் பிடுங்கிப் போடுவதுதானே என்பீர்கள். சர்க்கார் புல்லை வைக்கத் தோட்டக்காரன் போதும். பிடுங்க மேலிடத்து அனுமதி வேண்டும். அந்தப் பெண்கள் நடக்கலாமே என்றால், பாதையே இல்லை என்றான பிறகு காவல்காரன் அவர்களைப் புல்லில் இறங்க விடவில்லை. அதன்மேல் சர்க்கார் ஆள் மட்டும் நடக்கலாம். தோட்டக்காரனையும் காவல்காரனையும் விட்டால், அந்த வட்டாரத்தில் சர்க்கார் ஆள் நான் ஒருவன்தான்.

ஆகவே நடந்தேன். ஆபீசுக்கு முன் நடந்தேன், ஆபீஸ் விட்டு வந்து நடந்தேன். அடைமழைக் காலம். நான் மிதிக்க மிதிக்கப் புல் செழித்தது. முனுசாமி வேறு, தன் கைவேலை பாழாகிறதே என்ற ஆற்றாமையில் அதற்கு எரு போட்டான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ஓரத்தில் நின்று பார்த்த ரெஜினாம்மாவுக்கே பொறுக்கவில்லை. "வெறுங்கைய வீசிக்கினு நடந்தா புல்லு சாவுமா ஐயிரே? பாரம் வோணும்," என்று தன் பழைய கூடையில் ஈர மணலை நிரப்பி, என் தலையில் சும்மாடு வைத்து ஏற்றிவிட்டாள். மணல் புதிதுதான், கூடையின் வாசனை பழையது.

ஒரு காலை, பாதி வழியில், புல்லோரமாக எதிரே மாமனார். கையில் தடி, தோளில் சலவை அங்கவஸ்திரம், காலாற நடக்க வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளையா?" என்றார்.

பெரியவரைக் கண்டால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். கூப்பிக்கொண்டது. பிடித்த கையை விட்டால் கூடை நிற்குமா? மணலும் வாடையுமாக அவர் அங்கவஸ்திரத்தில் அபிஷேகம் நடந்தது.

மனிதர் நேரே எங்கள் வீட்டுக்குப் போய் மகளிடம், "உத்யோகம் போயிடுத்தாம்மா? போனாப் போறது. என்னண்ட ஒரு வார்த்தை சொல்லப்டாதோ? அதுக்குன்னு மீன் விக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் வந்தபோது என் மனைவி கமலம் வாசலிலேயே வழி மறித்தாள். "நேரே கொல்லைப்பக்கம் போய்க் குளிச்சுட்டு வாங்கோ," என்றாள். சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணில் ஜலம்.

பொங்கலுக்கு முன் அதிகாரி வந்தார். இந்தத் தடவை ஒரு சருகைக்கூட நான் தொடவில்லை. புல்லின் நடுவே மங்கலாக ஒரு வகிடு. அதைப் பார்த்தார், கூடை தேய்த்து என் உச்சந்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்த இடத்தையும் பார்த்தார். "பாதைதான்," என்றார். பாத்தியதை கிடைத்தது. வேலையும் தப்பியது, பிற்பாடு நிரந்தரமும் ஆயிற்று.

வேலி போட்ட மறுநாள், அதன் இடைவெளியில் போய் நின்றேன். நாலு வார்த்தை நன்றி சொல்வார்கள், கேட்டுக்கொள்ளலாம் என்ற நப்பாசை. ரெஜினாம்மா முன்னால், மற்றவர்கள் பின்னால், சொட்டச் சொட்டக் கூடைகளோடு விறுவிறுவென்று வந்தார்கள்.

"ஓரமா போ ஐயிரே, கூடைக்கு வழி வுடு," என்றாள். போய்விட்டாள். வெயில் ஏறுவதற்குள் அவளுக்கு மீன் விற்க வேண்டும்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். இப்போது பென்ஷன் வாங்குகிறேன். சமையலறை நிலைப்படியில் பேப்பரும் கையுமாக நின்றுகொண்டிருப்பேன். ஆத்துப் பாஷையைத் தவிர வேறு பேசியறியாத கமலம், சாதப் பானையோடு பின்னால் வந்து, "ஓரமா போ ஐயிரே, கூடைக்கு வழி வுடு," என்பாள்.

நகர்ந்துவிடுகிறேன். சர்க்கார் கொடுத்த பாத்தியதை, மறுக்க முடியாது.