மாமாவுக்கு வந்த பெரிய மாத்திரை

படிக்காததால்தான் நான் முட்டாளானேன் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். அது என் தனித் திறமை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. இருந்தும் என் மாமனாரின் பிரஷர் மாத்திரைக்கு நான்தான் பொறுப்பு. பஸ் ஏறி சங்கரன்கோவில் போய் வாங்கி வர அரை நாள் போய்விடும். ஆடுகளை யார் பார்ப்பது? அதனால் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் போவேன். (மாமா கல் மாதிரி, தாங்குவார் என்று ஒரு நம்பிக்கை.)

போன வருஷம் ரேஷன் கடைக்குப் பக்கத்து அறையில் டிவி மாதிரி ஒன்றை வைத்தார்கள். மருந்துக்காரம்மா சங்கரன்கோவிலில் இருந்தபடியே அதில் வந்து சீட்டைப் பார்த்துச் சரி என்பார். இங்கே நர்ஸ் பீரோவைத் திறந்து மாத்திரையைக் கொடுப்பார்.

ஒருநாள் மாமா, மாத்திரை பெரிதாகிவிட்டது, தொண்டையில் நிற்கிறது என்றார்.

"வயசு ஏற ஏற மாத்திரையும் வளரும் மாமா. முழுங்குங்க" என்றேன்.

நாலாம் நாள் அவருக்குத் தலை சுற்றியது. மருந்து பத்தவில்லை என்று முடிவு செய்து (டாக்டரும் நான்தான்) இன்னும் பெரிதாக வாங்கிவர, மாத்திரை டப்பாவோடு போனேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டியது மாதிரி ஸ்பீக்கரில் மருந்துக்காரம்மாவின் சத்தம்.

"இப்ப சாப்பிடுத அட்டையக் காமிங்க அண்ணாச்சி."

கம்பீரமாகக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் மாறியது.

"இத யாரு சாப்பிடுதா?"

"எங்க மாமா. நாலு நாளா, ஒரு வேள தப்பல."

"இது ஆட்டுக்குக் குடுக்கிற பூச்சி மாத்திரை. கால்நடைக்கு மட்டும்னு போட்டிருக்கு."

மாமா மாத்திரை, ஆட்டு மாத்திரை இரண்டையும் ஒரே டப்பாவில் போட்ட மகராசன் நான்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப கிடாவுக்கு என்னத்தலே குடுத்த?"

மாமாவின் மாத்திரையைத்தான். சின்னதாக இருக்கிறதே என்று நாலைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அது யாரையும் முட்டாமல் சாமியார் மாதிரி படுத்தே கிடந்தது. பூச்சி மருந்து பிரமாதம் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன்.

வரிசையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "மாமாவ இப்பவே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க."

இரவல் பைக்கில் அவரை ஏற்றி வந்தேன். நர்ஸ் பிரஷர் பார்த்தார், எகிறிக் கிடந்தது. அதே டிவியில் டாக்டரைப் பிடித்தார்கள். சரியான மாத்திரையைக் கொடுத்து, இறங்கும்வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். அந்த டிவி மட்டும் இல்லையென்றால் அட்டை தீர்ந்த பிறகுதான் பஸ் ஏறியிருப்பேன். அதுவரை கல் தாங்கியிருக்குமா, தெரியவில்லை.

கிடாவும் மறுநாள் எழுந்தது. முதலில் முட்டியது என்னைத்தான்.

இப்போது இரண்டு டப்பா. ஒன்றில் மாமா படம் ஒட்டியிருக்கிறது. மாதாமாதம் அந்த அம்மா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கிடா எப்படி இருக்கு அண்ணாச்சி?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா குறுக்கே தலையை நீட்டுவார்.

"நல்லா இருக்கேன் தாயி. வயித்துல ஒரு பூச்சி கெடையாது."