மேட்டுத் தெருவுக்கு ஓர் ஆங்கிலப் பெயர்

குழாய் பதிப்பதற்கு முன் திட்டத்துக்குப் பெயர் வைத்தாக வேண்டும் என்பது குடிநீர்த் துறையின் அசைக்க முடியாத நெறி. தண்ணீர் இல்லாமல்கூட ஒரு திட்டம் நடந்துவிடும். பெயர் இல்லாமல் நடக்காது. அதிலும் சொந்த மொழியில் வைத்த பெயர் எடுபடாத காலம். பக்கத்துக் கட்டடத்துச் சாலைத் துறைக்காரர்கள் பள்ளம் மூடும் திட்டத்துக்கு ‘ஸ்மைல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. அந்தத் துறையின் மதிப்பு மட்டும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து குடிநீர்த் துறை இயக்குநருக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் திட்டம் அவர் கையில் இருந்தது. குழாய்கள் அலுவலக முற்றத்தில் வந்து குவிந்து, உள்ளே பூனைகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பெயர் எழுதாத குழாயை மண்ணுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. பெயர் தேடும் பொறுப்பு தலைமை எழுத்தர் தலையில் விழுந்தது. எப்போதோ ஒருமுறை எழுத்துப்பிழை பார்க்க அகராதியைப் புரட்டிய குற்றத்துக்காக அலுவலகமே அவரை ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டது. அவர் குடியிருந்ததும் அந்த மேட்டுத் தெருவில்தான்.

“சும்மா ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதாது,” என்றார் இயக்குநர். “என் பேரோட முதல் எழுத்து D. அது உள்ளே இருக்கணும்.”

“அப்போ என்னோட G?” என்று தலைமைப் பொறியாளர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

துணை இயக்குநர் R கேட்டார். கணக்கு அதிகாரிக்கு T, கிடங்கு அதிகாரிக்கு U, பணியாளர் நல அதிகாரிக்கு H. ஒருவரையும் விட முடியாது. விட்டால் அவர் கையெழுத்து வராது.

“மிச்சம் எழுத்து இருந்தா என்னங்க ஐயா செய்றது?” என்று கேட்டார் அகராதி.

“அது பொதுமக்களுக்கு,” என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு.

விடுமுறை நாளிலும் அகராதி புத்தகமும் கையுமாகவே உட்கார்ந்திருந்தார். கீழ்த் தெருக் குழாயிலிருந்து குடத்தைச் சுமந்து மேடேறி வந்த மனைவிக்கு மூச்சு வாங்கியது.

“ஏங்க, ஒரு குடம் தூக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?”

“நானும் தண்ணி கொண்டுவர்ற வேலையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அந்தப் புஸ்தகத்திலிருந்தா? நல்லா வரும். உங்க மகளையாவது எழுப்பி விடுங்க.”

அகராதி துள்ளி எழுந்தார். மகள்! டாட்டர்! D-A-U-G-H-T-E-R. விரல் விட்டுப் பார்த்தார். ஆறு அதிகாரிகளும் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். A, E இரண்டும் பொதுமக்களுக்கு.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆட்சேபம்தான் வந்தது.

“G-யும் H-ம் சத்தமே போடலையே! எழுதுறீங்க, சொல்லமாட்டேங்கிறீங்க,” என்று பொங்கினார் தலைமைப் பொறியாளர்.

“பெரியவங்க இருந்தா போதும், சத்தம் போட வேண்டியதில்லைங்க ஐயா,” என்றார் அகராதி. நல அதிகாரி H அதைக் கேட்டுத் தலையாட்டினார். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் வாயே திறந்ததில்லை.

பெயர் எழுத ஓவியர் தூரிகையை நனைத்த நேரத்தில், துறைக்குப் புதிதாக ஒரு தனி அலுவலர் மாற்றலாகி வந்து சேர்ந்தார். அவருடைய எழுத்து O.

“நடுவுல எங்கயாவது ஒரு O-வைச் சொருகிடுங்களேன்,” என்றார் இயக்குநர்.

“எழுத்துப்பிழை ஆயிடுங்க ஐயா.”

“நான் பிழையா வரத் தயாரில்லை,” என்றார் தனி அலுவலர்.

மகள் திட்டம் கைவிடப்பட்டது. பூனைகள் குட்டி போட்டன. அகராதி மறுபடி பக்கங்களைத் தள்ளினார். கடைசியில் ஒரு வார்த்தை அகப்பட்டபோது அவருக்கு வியர்த்துவிட்டது. D-R-O-U-G-H-T. டிரவுட். ஏழு அதிகாரிகள், ஏழு எழுத்துகள். ஒட்டு இல்லை, உரசல் இல்லை. பொதுமக்களுக்குத்தான் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

“அற்புதம்!” என்றார் இயக்குநர்.

“ஐயா, இதுக்கு அர்த்தம் வந்து... வறட்சி.”

“எழுத்தெல்லாம் சரியா இருக்கா?”

“இருக்குங்க ஐயா.”

“அப்புறம் என்ன? அர்த்தத்துக்குன்னு நாம கூட்டம் போடலையே.”

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இன்னொரு கூட்டம். மனைவி மேடேறுவதை நினைத்தார் அகராதி. குழாயாவது மண்ணுக்குள் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். அந்த மாதமே அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

திறப்பு விழாவில் இயக்குநர் குழாயைத் திருகினார். குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பெயர்ப்பலகைக்கு விளக்கு வாங்கும் கோப்பு நகர்ந்திருந்தது. மோட்டார் வாங்கும் கோப்பு நகரவில்லை. ஆனால் பலகை பளபளவென்று எரிந்தது. தெருவே அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது.

“ஏங்க, காத்துதானே வருது?” என்று மனைவி காதோடு கேட்டாள். “பேரு மட்டும் அம்சமா இருக்கு. என்ன அர்த்தம்?”

“தண்ணி சம்பந்தப்பட்டதுதான்,” என்றார் அகராதி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

பலகையின் வெளிச்சம் கீழ்த் தெரு வரை விழுந்தது. அங்கே கொந்தளிப்பு. பத்தாம் நாள் அந்தத் தெருவே திரண்டு அலுவலக வாசலில் உட்கார்ந்தது.

“நாங்களும்தான் வரி கட்டுறோம்! மேட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ், எங்களுக்கு வெறும் தண்ணியா?”

“வேண்டும், வேண்டும்! டிரவுட் வேண்டும்!”

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. மக்கள் வாய்விட்டுக் கேட்கும்போது துறை கைகட்டி நிற்கலாமா? கிடங்கு அதிகாரி தானே சாவியோடு போய்க் கீழ்த் தெருவின் வால்வை மூடிவிட்டு வந்தார். கேட்ட அன்றே ஒரு கோரிக்கை நிறைவேறியது துறையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. கீழ்த் தெருவிலும் பலகை எரிந்தது.

இப்போது இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் லாரி. அதன் முன்னால் ஒரே சண்டை.

“நாங்கதான் முன்னாடி நிப்போம்,” என்றார்கள் மேட்டுத் தெருக்காரர்கள். “டிரவுட் முதல்ல வந்தது எங்களுக்குத்தான்.”

“நீங்களெல்லாம் தள்ளுங்க,” என்று அகராதியின் மனைவி தன் குடத்தை எல்லோருக்கும் முன்னால் வைத்தாள். “அந்தப் பேரைக் கண்டுபிடிச்சதே எங்க வீட்டுக்காரர்.”

கூட்டம் மரியாதையோடு விலகி வழிவிட்டது.