ஓ எழுத்தும் கருப்பம்மாவின் மாடும்

காரணம் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. தாகம் என்று போய் நின்றால், செம்புக்கு ஏன் கழுத்து குறுகலாக இருக்கிறது என்று சொல்வார்கள். தண்ணீர் வராது.

கருப்பம்மாவுக்கு அன்று அப்படி ஒருவர் வாய்த்தார். அவளுடைய கறவை மாடு தேயிலைக்குள் புகுந்துவிட்டது. பிடித்துக் கொண்டுபோய்த் தேயிலை ஸ்டோர் முற்றத்தில் கட்டிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம்: கதவில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் பிடிபட்ட மாட்டை விற்கலாம். அதை வாசிக்கத் தோட்டத் துரையையும் ஆபீஸ் கிளாக்கரையும் விட்டால் ஆள் கிடையாது. ஆனாலும் ஒட்டியாக வேண்டும். பொழுது சாய்வதற்குள் நோட்டீஸ் எழுதி விற்கச் சொல்லிக் கிளாக்கருக்குத் துரையின் உத்தரவு. பதுளையிலிருந்து வியாபாரி றஹீம் வந்து மாட்டின் பல்லைக்கூடப் பார்த்துவிட்டார். கருப்பம்மாவுக்கோ தாய்ப்பால் வற்றிப்போயிற்று. கைக்குழந்தைக்கு அந்த மாடுதான் கதி. துரைக்கு ஒரு மனு எழுதிக் கேட்போம் என்று ஆபீஸுக்கு ஓடினாள்.

கிளாக்கர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். உடனே எழுதவும் தொடங்கினார். 'மாடு இனிமேல் வராது' என்ற இடத்தில், வருவதற்கான இங்கிலீஷ் சொல்லில் ஓ எழுத்தைப் போட்டதும் பேனா நின்றது. முகம் மலர்ந்தது.

"இஞ்ச பார், கருப்பம்மா. 'கம்' எண்டு சொல்லுறம். எழுதேக்குள்ள யூ போடாமல் ஓ போடுறம். ஏனெண்டு கேள்!"

"ஐயா, மாட்டு யாவாரி வந்துட்டாருங்க."

"கேளன்!"

கேட்டாள். வேறென்ன செய்வாள்?

முன்னொரு காலத்தில் சீமைச் சாமியார்கள் இறகுப் பேனாவால் புத்தகம் எழுதினார்கள், அந்தக் கையெழுத்தில் யூ, எம், என் எல்லாமே வெறும் குத்துக்கோடுகள், பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேலிக்கம்பு வரிசைபோல எது எங்கே முடிகிறதென்று தெரியாது, அதனால் யூவின் வாயை மூடி ஓ ஆக்கினார்கள், பிறகு இறகு போயிற்று, அச்சு வந்தது, ஓ மட்டும் வந்த விருந்தாளி போல எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லி, கம்பு கம்பாகக் கோடு போட்டும் காட்டினார். எங்கே? மனுத்தாளில்.

"வேலி நல்லா இருந்திருந்தா எம் மாடு ஏங்கய்யா உள்ள போகுது?" என்றாள் கருப்பம்மா.

அப்போது துரை வந்தார். நோட்டீஸ் எங்கே என்று ஒரு சத்தம். கிளாக்கர் எழுந்தார், தாமதத்துக்குக் காரணம் சொன்னார். என்ன காரணம்? சாமியார்கள்.

துரையின் புருவம் உயர்ந்தது. சாமியார்களா? கிடையவே கிடையாது. பிரெஞ்சுக்காரன் வந்து ஆண்டபோது அவனுடைய குமாஸ்தாக்கள் கொண்டுவந்த பழக்கமல்லவா அது! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் பேசிய இங்கிலீஷில் கருப்பம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மாறி மாறிக் கோடு போடுவது மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை நோட்டீஸ் தாளில். மெல்ல நழுவினாள்.

முற்றத்தில் றஹீம் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"மழ வருது. நான் போறேன். நோட்டீஸ் ஒட்டாத மாட்ட வாங்கிட்டு, பொறகு கேஸுக்கும் கோட்டுக்கும் யார் அலையிற?"

அவர் இறக்கத்தில் மறையும்வரை பொறுத்திருந்து, காவல்காரன் மாரிசாமியிடம் போனாள் கருப்பம்மா.

"கயித்த அவுத்து விடுங்கண்ணே. பால் கறக்குற நேரம்."

"தொரை கேட்டா?"

"அவரு எங்க கேக்குறாரு? சொல்லிக்கிட்டுல்ல இருக்காரு!"

மாரிசாமி ஆபீஸ் பக்கம் காது கொடுத்தான். அவிழ்த்துவிட்டான்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு முதல் ஆளாக வந்தவர் துரைதான். மாட்டைப் பற்றி விசாரிக்க அல்ல. படுக்கையில் ஓ போட்ட இன்னொரு சொல் நினைவுக்கு வந்ததாம். கருப்பம்மா குழந்தைக்குப் பால் கொடுத்து, தொட்டிலில் போட்டுவிட்டு, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள்.

வேலிக்கம்பும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை, அந்த ஓவுக்கு உண்மையான காரணமே வேறு என்று இதை வாசிக்கும்போது உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? வெட்கப்படாதீர்கள். எனக்குச் சொல்லவும் வேண்டாம். முதலில் எழுந்துபோய், உங்கள் கயிற்றின் மறுமுனையில் மாடு இருக்கிறதா என்று பாருங்கள்.